பின்னிரவு 3 மணிக்கும் தாங்கும் முயல் பட்டி எது?

முயலுக்கு வெளியில் ஒரு பட்டி கட்ட நினைப்பவர்கள் முதலில் அளவைப் பற்றித்தான் கேட்பார்கள். பிறகு எந்த மரம், எந்த வலை, என்ன கூரை என்று பேச்சு போகும். இவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. வீட்டார் அனைவரும் உறங்கும் பின்னிரவு 3 மணிக்கு, காவலுக்கு ஒருவரும் இல்லாத நிலையில், அந்தப் பட்டி தனியாக நின்று முயலைக் காக்க வேண்டுமா, அல்லது நாம் பக்கத்தில் இருக்கும் பகல் வேளைக்கு மட்டும் போதுமா? கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் கூண்டுகளில் பல இரண்டாவது வேலைக்காகச் செய்யப்பட்டவை. வாங்கியவர்கள் அவற்றை முதல் வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். நான் பார்த்தவரை முயல்கள் பறிபோவது இந்த இடைவெளியில்தான்.

நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். முதன்முதலில் என்னிடம் இருந்தது புல்தரையில் வைக்கும் நீள்சதுரக் கூண்டு. மெல்லிய மரச்சட்டம், அதன்மேல் அறுகோணக் கண் கொண்ட கோழி வலை. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தபோது கூண்டு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. தாழ்ப்பாள் திறக்கவில்லை, வலை கிழியவில்லை. ஒரு மூலையில் மட்டும், சட்டத்துக்கு அடியில், உள்ளங்கை நுழையும் அளவுக்கு மண் பறிக்கப்பட்டிருந்தது. அதற்கு நேர் மேலே வலை உட்பக்கமாகக் குழிந்திருக்க, கம்பி முனையில் வந்துபோன விலங்கின் முடி கொஞ்சம் சிக்கியிருந்தது. முயல் எதிர் மூலையில் உடலைச் சுருக்கி உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. அன்று அது புல்லைத் தொடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. மருத்துவரிடம் கொண்டுபோயும் மாலைக்குள் இறந்துவிட்டது.

வந்த விலங்கு உள்ளே நுழையவே இல்லை என்பதுதான் அன்றிலிருந்து என் மனத்தில் நிற்கிறது. முயல் முழுக்க முழுக்க இரையாக வாழ்ந்து பழகிய விலங்கு. தன்னைச் சுற்றி ஏறத்தாழ எல்லாத் திசையையும் பார்க்கும்படி அதன் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் உயரத்தில் அமைந்திருக்கின்றன. தப்பிக்க வழியில்லாத இடத்தில் எதிரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தால் அச்சமே அதற்கு நோயாகிவிடும். குடலின் இயக்கம் குறைந்து நின்றுபோகும். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாத முயலை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஆகவே பட்டி இரண்டு வேலை செய்ய வேண்டும்: எதிரியை நுழைய விடாமல் தடுப்பது ஒன்று, முயலின் மூக்குக்கு நேரே வந்து நிற்க விடாமல் தடுப்பது மற்றொன்று.

எந்த விலங்குகள் வரும் என்பது இடத்துக்கு இடம் மாறும். நாய், பூனை, நரி, கீரி, மரநாய், வீசல் என்னும் மெலிந்த சிறு ஊனுண்ணி, ரக்கூன், பெருச்சாளி, பாம்பு, பருந்து, ஆந்தை என்று பட்டியல் நீளும். ஆனால் அவை வரும் வழிகள் சிலவே. நாயும் நரியும் தோண்டும். நாய் தன் எடையால் மோதிக் கிழிக்கவும் செய்யும். பூனையும் மரநாயும் ஏறும். வீசலும் பாம்பும் நெளிந்து நுழையும். பருந்தும் ஆந்தையும் மேலிருந்து இறங்கும். ரக்கூன் உள்ள நாடுகளில் அது விரல்களால் கொக்கியைக் கழற்றும். வலைக்கண் வழியாகக் கையை விட்டு உள்ளே இருப்பதைப் பிடித்து இழுக்கும். எந்த விலங்கு என்று ஆராய்வதைவிட, தோண்டுதல், கிழித்தல், ஏறுதல், நுழைதல், இறங்குதல், திறத்தல் ஆகிய இந்த ஆறு வழிகளையும் வைத்து ஒவ்வொரு கட்டுமான முறையையும் சோதித்துப் பார்ப்பது பயனுள்ளது.

நான்கு வகைக் கட்டுமானம்

முதல் வகை, நான் சொன்ன நகர்த்தும் கூண்டு. நாளுக்கொரு இடமாக மாற்றி வைத்தால் முயலுக்குப் புதுப் புல் கிடைக்கும், தரையும் அழுக்காகாது. இது உண்மையான நன்மை. ஆனால் நகர்த்த வேண்டும் என்பதனாலேயே அது இலேசாக இருக்க வேண்டும். இலேசாக இருப்பதைப் பெரிய நாய் புரட்டிவிடும். தரை எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை என்பதால் ஏதாவது ஒரு விளிம்பில் இடுக்கு விழும். அடியில் வலை அடித்துவிட்டால் தோண்டலைத் தடுக்கலாமே என்று சிலர் செய்கிறார்கள். முயலின் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போன்ற மெத்தைத் தசை கிடையாது, முடி மட்டும்தான் என்பதால், வெறும் கம்பியின்மேல் நாள் முழுதும் நிற்கும் முயலுக்குக் குதிகால் புண்ணாகும். ஆகவே நகர்த்தும் கூண்டு, ஒருவர் அருகில் உட்கார்ந்திருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டுமே உரியது. அதை நிரந்தர வீடாகக் கருதக் கூடாது.

இரண்டாவது, தோட்டத்தைச் சுற்றி வேலி போட்டு முயலை உள்ளே விடுவது. இடம் தாராளமாக இருக்கும், முயல் ஓடும் ஓட்டத்தைப் பார்க்க மனம் நிறையும். ஆனால் கூரை இல்லாத வேலி ஏறுவதையும் இறங்குவதையும் தடுப்பதில்லை. மின்வேலி சேர்த்தால் நாயும் நரியும் ஒதுங்கலாம். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலோ மின்சாரம் நின்றாலோ அது வெறும் கம்பிதான். வெளிவட்டத்துக் கூடுதல் காவலாக மின்வேலி நல்லது, தனிக் காவலாக அல்ல. இந்த வகையைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் கொட்டகையை முயலின் அறையாக்கி, அதன் சுவரில் திறப்பு வைத்து, வெளியே வலைப் பட்டியை ஒட்டிக் கட்டுவது. நான்காவது, ஆள் நிமிர்ந்து நுழையும் உயரத்தில் நாற்புறமும் கூரையும் வலையால் மூடிய நிலையான பட்டியை எழுப்பி, உள்ளே மரத்தாலான உறைவிடத்தை வைப்பது. தீவிரமாக ஒப்பிட வேண்டியவை இந்த இரண்டும்தான்.

கொட்டகை வகையின் பலம் அதன் திடமான சுவர். எதிரி கண்ணுக்குத் தெரியாது, காற்றும் மழையும் நேரே தாக்காது, அச்சத்தின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். பலவீனம் வெப்பம். முயலுக்கு வியர்க்காது, உடல் சூட்டைப் பெரிதும் காதுகளின் வழியாகவே வெளியேற்றுகிறது. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் உயிருக்கே ஆபத்து வரலாம். காற்றோட்டம் இல்லாத கொட்டகை வெளியைவிடச் சூடாகும் என்பதால், எதிரெதிர்ச் சுவர்களில் வலை அடித்த சாளரங்கள் இல்லாமல் இந்த வகையை எடுக்கக் கூடாது. ஆள் நுழையும் நிலையான பட்டிக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் நாற்புறமும் திறந்திருப்பதால் எதிரியின் பார்வையை மறைக்கத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

உயரத்தைப் பலர் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். பிரிட்டனின் ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் அண்ட் ஃபண்ட் என்னும் முயல் நல அமைப்பு, இரண்டு முயல்களுக்குக் குறைந்தபட்சம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் கொண்ட இடம் எப்போதும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. முயலுக்கு 1 மீட்டர் போதும். ஆனால் தினமும் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் மாற்றி, முயலைத் தூக்கி அடிவயிறு பார்ப்பவருக்கு அது போதாது. குனிந்தும் தவழ்ந்தும் செய்ய வேண்டிய வேலை மழை நாளில் தள்ளிப்போகும். தள்ளிப்போன நாளில்தான் தளர்ந்த ஆணி கண்ணில் படாமல் போகும். நிமிர்ந்து நிற்கும் உயரத்தை நான் வசதியாகப் பார்க்கவில்லை, பாதுகாப்பின் பகுதியாகவே பார்க்கிறேன்.

இரவில் பூட்டி வைத்தால் போதாதா?

பகலில் சாதாரண வலைப் பட்டி, இரவில் உறுதியான பெட்டிக்குள் பூட்டு என்னும் ஏற்பாட்டைப் பலர் செலவு குறைந்த வழியாகச் சொல்கிறார்கள். கோழி வளர்ப்பவர்களுக்கு இது பொருந்தும், ஏனெனில் இருட்டத் தொடங்கியதும் கோழி தானாகவே அடையப் போய்விடும். நேரம் வைத்து மூடும் தானியங்கிக் கதவுகூட அங்கே வேலை செய்யும். முயலின் நாள் அப்படி அமைந்ததல்ல. வைகறையிலும் அந்தியிலும்தான் அது சுறுசுறுப்பாக ஓடும், குதிக்கும், மேயும். கோழி கூட்டுக்குப் போகும் நேரத்தில் முயல் வெளியே வருகிறது. எனவே தானியங்கிக் கதவு மூடும்போது முயல் வெளியே இருக்கவே வாய்ப்பு அதிகம். மனிதர் ஒருவர் பிடித்து அடைக்கலாம் என்றால், ஆண்டின் எல்லா மாலைகளிலும் ஒருவர் தவறாமல் வீட்டில் இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும், அது மிகவும் ஓட விரும்பும் வேளையில் சிறு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும்.

இந்தக் காரணத்தால் என் முடிவு இதுதான்: பட்டி முழுவதுமே இரவைத் தாங்க வேண்டும், உறைவிடத்துக்கும் பட்டிக்கும் இடையே உள்ள வழி இரவு பகலாகத் திறந்திருக்க வேண்டும். பூட்டுவதை நம்பி வலையில் சிக்கனம் பிடித்தால், பூட்ட மறந்த ஒரே ஓர் இரவு போதும்.

வலையைத் தேர்ந்தெடுப்பது

கோழி வலை கோழியை உள்ளே நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது. பொதுவாக 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மி.மீ. கம்பி, முறுக்கிப் பின்னியிருப்பதால் ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துக் கண்களும் நெகிழும். நாயின் பல்லுக்கு அது தாங்காது. வாழ்நாள் முழுதும் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மி.மீ. வளரும் முன்பற்களை உடைய முயலே அதைக் கடித்து அறுத்துவிடும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறது என்பதைக் கடையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 19 என்பது 16-ஐவிட நல்லது என்று எண்ணி வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

உண்மையான தேர்வு, குறுக்கும் நெடுக்குமான கம்பிகளைச் சந்திக்கும் இடங்களில் பற்றவைத்துச் செய்யும் வெல்ட் மெஷ் வகைகளுக்குள்தான். அரை அங்குலக் கண், அதாவது ஏறத்தாழ 13 மி.மீ., உள்ள 19 கேஜ் வலையின் கம்பி சுமார் 1 மி.மீ. தடிமன்; அதில் பெருச்சாளியும் வீசலும் நுழையா, நகமும் உள்ளே எட்டாது, ஆனால் பெரிய நாய் விடாமல் மோதினால் கம்பி வளையும். ஓர் அங்குலக் கண் உள்ள 14 கேஜ் வலையின் கம்பி 2 மி.மீ.; மோதலையும் கடியையும் தாங்கும், ஆனால் 25 மி.மீ. துளை வழியாக வீசல் போன்ற மெலிந்த விலங்குகளும் பாம்பும் எலிக்குட்டியும் நுழைந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் என்னும் நீள்சதுரக் கண் மலிவாகக் கிடைக்கும், பார்வைக்கு உறுதியாகவும் இருக்கும். பூனையின் முன்கால் அதற்குள் தாராளமாக நுழையும் என்பதால் அதைத் தனியாக எங்கும் பயன்படுத்தக் கூடாது.

ஒரே வலைதான் வாங்க முடியும் என்றால் அரை அங்குலக் கண்ணில் 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. கம்பி கிடைக்கிறதா என்று தேட வேண்டும். கனமானது, வெட்டுவதற்குக் கையும் கத்தரியும் நோகும். ஆனால் இரு தேவைகளுக்கும் நடுவில் அது நியாயமாக நிற்கிறது. கிடைக்காவிட்டால், மரச்சட்டத்தின் வெளிப்பக்கத்தில் தடித்த ஓர் அங்குல வலையும் உட்பக்கத்தில் மெல்லிய அரை அங்குல வலையும் அடிக்கலாம். சட்டத்தின் தடிமன் 5 செ.மீ. என்றால் அந்த 5 செ.மீ. இரண்டு வலைகளுக்கும் இடையே வெற்றிடமாக இருக்கும். வெளியிலிருந்து நீளும் நகம் முயலின் மூக்கைத் தொடாது. முயல் மரத்தைக் கொறிப்பதையும் உள்வலை தடுக்கும். தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் வரை இந்த இரட்டை அடுக்கு இருந்தாலே பெரும்பாலான ஆபத்து நீங்கும். அதற்கு மேலே அரை அங்குல வலை மட்டும் போதும்.

பச்சை நிறப் பிளாஸ்டிக் பூசிய வலை அழகாக இருக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம். முயல் அந்தப் பூச்சைக் கடித்து விழுங்கும். துத்தநாகம் பூசிய வலையிலும் வெல்ட் செய்த பிறகு பூச்சு ஏற்றியதா, முன்னரே ஏற்றியதா என்று கேட்டு வாங்குவது நல்லது. பிறகு ஏற்றியதில் ஒட்டுப் புள்ளிகளும் மூடப்பட்டிருப்பதால் துரு தாமதமாகும்.

வலையைவிட வலையைப் பிடித்திருப்பது முக்கியம். கையால் அழுத்தும் ஸ்டேப்பிள் துப்பாக்கியின் சிறு ஊசிகள் ஒரு மழைக்காலத்தில் மரம் ஊறிக் காய்ந்ததும் தளர்ந்துவிடும். நாய் முதல் முறை மோதும்போதே வரிசையாகப் பிடுங்கிக்கொள்ளும். வாஷர் போட்ட திருகாணியை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் முடுக்கி, வலையின் விளிம்பின்மேல் மரப்பட்டி ஒன்றையும் வைத்து இறுக்கினால், இழுவிசை ஓர் ஆணியின்மேல் விழாமல் அந்த மரப்பட்டி முழுதும் பரவும். வெளிவலையை எப்போதும் சட்டத்தின் வெளி முகத்திலேயே பொருத்த வேண்டும். அப்போது வெளியிலிருந்து மோதும் எடை வலையைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்துமே தவிர, ஆணியிலிருந்து பிரிக்காது.

தரை

சுவருக்குச் செலவழித்த கவனத்தில் பாதியைக்கூடத் தரைக்குத் தராத பட்டிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கே இரண்டு திசைகளிலிருந்தும் தோண்டல் வரும். வெளியிலிருந்து நாயும் நரியும் உள்நோக்கித் தோண்டும்; உள்ளிருந்து முயல் வெளிநோக்கித் தோண்டும். வளை தோண்டுவது முயலின் பிறவிக் குணம், அதைப் பழக்கி மாற்ற முடியாது. முயல் தோண்டி வெளியேறிய வளையே எதிரி உள்ளே வரும் வாசலாகவும் ஆகிவிடும்.

நான்கு வழிகள் இருக்கின்றன. வலையைச் சுவரின் தொடர்ச்சியாக மண்ணுக்குள் செங்குத்தாக 60 செ.மீ. இறக்கலாம். அல்லது சுவரின் அடியிலிருந்து வலையை வெளிப்பக்கமாக மடக்கி, தரையோடு தரையாக 60 செ.மீ. அகலத்துக்குப் பாவாடை போல் விரிக்கலாம். அல்லது பட்டியின் அடி முழுவதும் வலையை விரித்து, மேலே மண் நிரப்பலாம். அல்லது கல் பாவலாம், கான்கிரீட் போடலாம்.

பாவாடை முறை எளிது என்பதால் அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் பின்னால் உள்ள எண்ணமும் சரியானது: தோண்டும் விலங்கு சுவர் தரையைத் தொடும் இடத்தில்தான் நகம் பதிக்கும், அங்கே வலை தட்டுப்பட்டால் பின்வாங்கித் தொலைவிலிருந்து தோண்டத் தொடங்கும் பொறுமை பெரும்பாலும் அதற்கு இருப்பதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 3-க்கு 2 மீட்டர் பட்டியின் சுற்றளவு 10 மீட்டர். 60 செ.மீ. பாவாடைக்கு நான்கு மூலைகளையும் சேர்த்து ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர் வலை வேண்டும். அதே பட்டியின் அடி முழுவதையும் வலையால் மூட 6 சதுர மீட்டரே போதும். ஒட்டுகளில் 10 முதல் 15 செ.மீ. மேற்கவிய விட்டாலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். சிறிய பட்டியில் பாவாடையால் வலை மிச்சமாவதில்லை. அதோடு, பாவாடை முயலைத் தடுப்பதும் இல்லை. அது உள்ளே இறங்கி அடியில் போய் வெளியே எங்கோ எழும். 5-க்கு 4 மீட்டர் என்று பட்டி பெரிதானால் நிலைமை மாறுகிறது. அடி முழுவதும் மூட 20 சதுர மீட்டர் வேண்டும், பாவாடைக்கு 12 சதுர மீட்டர் சொச்சம்தான். பெரிய பட்டிக்கு வெளியே ஒரு பாவாடையும், உள்ளே சுவரோரம் குறுகலான இன்னொரு பாவாடையும் என்று செய்வது அப்போது பொருள் உள்ளதாகிறது.

செங்குத்தாக இறக்கும் முறையில் வலை 6 சதுர மீட்டர்தான் ஆகும். ஆனால் 10 மீட்டர் நீளத்துக்கு 60 செ.மீ. ஆழப் பள்ளம் வெட்ட வேண்டும், வேரும் பாறையும் குறுக்கே வரும், புதைந்த வலையில் துரு பிடித்தால் தெரியவும் தெரியாது. இவ்வளவு செய்தும் ஆழமாகத் தோண்டும் முயல் அதற்கும் கீழே போகக்கூடும். இந்த நான்கில் உழைப்புக்கேற்ற பலன் இல்லாதது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடி முழுவதும் வலை விரித்து 20 செ.மீ. மண் நிரப்பும் முறை முயலின் மகிழ்ச்சிக்கு மிகவும் ஏற்றது. மண்ணைப் பறிக்கலாம், புல் வளரும், பாதம் மென்மையான தரையில் நிற்கும். விலை ஒன்று உண்டு: ஈரமும் சிறுநீரும் சேர்ந்து வலையைத் தின்னும். முயல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பறித்து வலையை வெளிக்கொணரும். வெளித்தெரிந்த கம்பியில் நகம் சிக்கிக் கிழியும். வாரத்துக்கு ஒரு முறை கிளறிப் பார்த்துக் குழிகளை மூட முடியாதவர்களுக்கு இம்முறை உகந்ததல்ல.

கல் பாவிய தரை, என் தேர்வு. 45 அல்லது 60 செ.மீ. சதுரப் பலகைக் கற்களை மணல் படுக்கையில் நெருக்கமாகப் பதித்து, மரச்சட்டத்தைக் கல்லின்மேலேயே உட்காரவைத்து முடுக்கினால் தோண்டுவதற்கு மண்ணே கிடைக்காது. வெளிப்பக்கமும் ஒரு வரிசைக் கல் நீட்டிக்கொண்டால் அதுவே பாவாடையாகிவிடும். கழுவலாம், தேவைப்பட்டால் பெயர்த்து எடுக்கலாம். கான்கிரீட்டும் இதே காவலைத் தரும், ஆனால் ஒரு முறை போட்டால் போட்டதுதான்; வாடகை இடத்தில் அது இயலாது. இரண்டிலும் 2 மீட்டருக்கு 2.5 செ.மீ. சரிவு விட்டால் தண்ணீர் தேங்காது. கடினமான தரை பாதத்துக்கு நல்லதல்ல என்ற எதிர்வாதம் சரியே. அதற்கு விடை தரையை மாற்றுவதல்ல, மேலே வைக்கோலோ ரப்பர் விரிப்போ பரப்பி, முயல் முழுதாக இறங்கி நிற்கும் அளவுக்கு ஆழமான ஒரு பெட்டியில் மண் நிரப்பி வைப்பதே. பறிக்கும் ஆசையை முயல் அங்கே தீர்த்துக்கொள்ளும். கால்களை உதறி மண்ணைப் பின்னால் எறிந்துவிட்டு, பெட்டிக்குள்ளேயே நீட்டிப் படுத்துக்கொள்ளும் முயலைப் பார்த்தவர்கள் கல்தரையை இரக்கமற்றது என்று சொல்ல மாட்டார்கள்.

கூரையும் கதவும்

கூரைக்கு நைலான் வலை போடக் கூடாது. பூனையின் எடையில் அது தொய்யும், பல்லில் அறும், பறவைகள் சிக்கிக்கொள்ளும். சுவரில் அடித்த அதே வெல்ட் மெஷ் கூரையிலும் இருக்க வேண்டும். அதன்மேல் பாதிப் பரப்பைத் தகட்டால் மூடுவது என்றால், உலோகத் தகடும் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்டும் வெயிலில் கீழே உள்ள காற்றைச் சூடாக்கும் என்பதை எண்ணி, தகட்டுக்கும் வலைக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி விட வேண்டும். உறைவிடத்தின் மேலும், நண்பகலிலிருந்து மாலை வரை வெயில் விழும் பக்கத்திலும் மூடி, மற்றதைத் திறந்து விடுவது நல்ல நடுவழி.

கொசுவலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முயல்களைக் கொல்லும் மிக்சோமட்டோசிஸ் நோயைக் கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்புகின்றன. முயலின் இரத்தக்கசிவு நோய் 1984-இல் சீனாவில் முதலில் அறியப்பட்டது. அதன் இரண்டாவது வகை 2010-இல் பிரான்சில் வெளிப்பட்டது. அந்த வைரஸை ஈக்களும் சுமந்து வரும். நோய் பரவும் பகுதியில் வெல்ட் மெஷ்ஷின் வெளிப்பக்கம் பூச்சித் திரை ஒன்றையும் சேர்ப்பது நல்லது, ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்றல்ல.

கதவில், வளைந்த கம்பிக் கொக்கியும் வளையமும் மட்டும் வைப்பது கதவே இல்லாததற்குச் சமம். கதவு அதிர்ந்தாலே அது எகிறும். மேலும் கீழும் ஒவ்வொரு தாழ்ப்பாள், தாழ்ப்பாளின் துளையில் பூட்டு அல்லது சுருள்வில் கொளுவி வேண்டும். ஒரே தாழ்ப்பாள் நடுவில் இருந்தால் கதவின் கீழ்மூலையை நாய் முகவாயால் நெம்பி வளைக்கும். அந்த வளைவில் விழும் இடுக்கு பூனைக்குப் போதும். இடம் இருந்தால் இரட்டைக் கதவு வைப்பது சிறந்தது: முதல் கதவைத் திறந்து சிறு முற்றத்துக்குள் நுழைந்து, அதை மூடிய பிறகே இரண்டாவதைத் திறப்பது. காலுக்கிடையே ஓடி வெளியேறும் முயலை அந்த ஒரு சதுர மீட்டர் முற்றம் தடுத்து நிறுத்தும்.

மறைவிடத்துக்கு இரண்டு வாசல்கள் இருக்க வேண்டும். ஒற்றை வாசல் கொண்ட பெட்டிக்குள் ஒரு முயல் மற்றதை மடக்கிவிடும். மடக்கப்பட்ட முயல் ஆபத்து நேரத்தில் அந்தப் பெட்டியை நம்பி உள்ளே போகாது. பட்டியின் கீழ்ப்பகுதியில், எதிரி அடிக்கடி வரும் பக்கத்தில், அரை மீட்டர் உயரத்துக்குப் பலகை அடித்துவிட்டால் மூக்கும் மூக்கும் எதிர்ப்படுவது நிற்கும்.

எதை யார் தேர்ந்தெடுப்பது?

சொந்த இடம், ஓரளவு பணம், சுற்றிலும் நாயும் நரியும் என்றால் கல் பாவிய தரையில் ஆள் நுழையும் இரட்டை வலைப் பட்டியைத் தயங்காமல் கட்டலாம். வெப்பம் கடுமையாக இல்லாத, ஆனால் காற்றும் மழையும் மிகுந்த இடத்தில் கொட்டகையோடு ஒட்டிய பட்டி அதைவிட மேலானது. வாடகை இடத்தில் இருப்பவர்கள், சட்டங்களைத் தனித்தனியாகச் செய்து போல்ட்டால் இணைத்து, பெயர்த்தெடுக்கும் கற்களின்மேல் நிறுத்தலாம். அடுத்த வீட்டுக்கு முழுப் பட்டியும் கூடவே வரும். பணம் குறைவு என்றால் பட்டியின் நீள அகலத்தையும் வலையின் தரத்தையும் குறைக்காமல், அழகு வேலைகளையும் கூரைத் தகட்டின் பரப்பையும் குறைக்கலாம். அதுவும் முடியாதபோது, பணம் சேரும் வரை இரவில் முயல்களை வீட்டுக்குள் ஓர் அறையில் ஓட விடுவதே நேர்மையான வழி. வலையின் கேஜை மட்டும் விட்டுக்கொடுத்துக் கட்டி முடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எதைக் கட்டினாலும், முடித்த அன்றே முயலைக் குடியேற்ற வேண்டாம். பட்டியைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு மெல்லிய மணலைப் பரப்பி, ஒரு வாரம் வெறுமனே விட்டுவைக்க வேண்டும். உள்ளே முயல் படுத்திருந்த வைக்கோலில் ஒரு பிடி வைத்துவிட்டால் அந்த மணம் இரவில் திரியும் விலங்குகளை அழைத்துவிடும். ஒவ்வொரு நாள் காலையும் மணலைப் பார்த்தால் இரவில் யார் வந்தது, எந்தப் பக்கம் சுற்றியது, எந்த மூலையில் நின்றது என்று தடம் சொல்லும். நகம் பதிந்த இடத்தில் கீழ் விளிம்பை விரலால் தடவி, அசைகிறதா என்று இழுத்துப் பார்த்து, அசைந்தால் இன்னும் இரண்டு திருகாணியும் வெளியே ஒரு கல்லும் சேர்த்த பிறகு மணலை மீண்டும் சமன் செய்ய வேண்டும். தடம் வந்தும் எதுவும் அசையாத மூன்று காலைகள் தொடர்ந்து கழிந்த பிறகு முயல்களை உள்ளே விடலாம்.